சேலத்திலிருந்து அடையாறு வரை: புற்றுநோய் நிதிக்கான சைக்கிள் பயணத்துக்குப் பயிற்சியும் நன்கொடையும் – ஆலோசனை வேண்டுகிறேன்

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். வயது 46. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். அதையொட்டி வரும் சனி, ஞாயிறு இரண்டு நாள்களில் சேலத்திலிருந்து சென்னை அடையாறு வரை, சுமார் 340 கிலோமீட்டர், சைக்கிளில் சென்று, அந்தப் பயணத்தை முன்னிட்டுத் திரட்டும் நிதியை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வழங்குவதென்று நாங்கள் ஒன்பது பேர் முடிவு செய்திருக்கிறோம். உடன் பணிபுரியும் ஆசிரியர்கள் நால்வர். மற்றவர்கள் என்னிடம் படித்து இப்போது வேலையில் இருப்பவர்கள். முதல் நாள் வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக விழுப்புரம் சென்று தங்கி, மறுநாள் திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னை சேர்வது என்பது எங்கள் திட்டம்.

இதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்து, சென்னையில் சிகிச்சை பெற்றார். வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கதிர்வீச்சு, இடையிடையே மருந்து, அதன்பின் உள்கதிர்வீச்சு என்று ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வாடகை அறையில் தங்க வேண்டியிருந்தது. சிகிச்சைக் கட்டணத்தை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அறை வாடகை, இரண்டு பேர் சாப்பாடு, ஆட்டோ, கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் தந்தைக்கு இரண்டு மாதம் இல்லாமற்போன கூலி ஆகியவற்றை எந்தத் திட்டமும் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கள் அறைக்கு அடுத்த அறையில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். மூன்றாம் வாரத்தின் முடிவில் தங்குவதற்குப் பணமில்லாமல், கதிர்வீச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. அந்த அறைக் கதவில் பூட்டுத் தொங்கிய காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

இப்போது என் ஐயங்கள். நான் தினமும் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறிவிடுகிறேன். மலையை ஏற முடிந்தவனுக்குச் சமவெளி எளிது என்று எண்ணுகிறேன், இது சரியா? இரண்டாவது, நன்கொடையை எந்த வழியில் பெறுவது முறையானது? குழுவில் ஒருவருடைய யுபிஐ எண்ணைக் கொடுத்து வசூலிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மூன்றாவது, நன்கொடை வேண்டி எழுதும் மடலில் என் தாயாரின் கதையை எழுதலாமா? அவருக்கு வந்த நோய் இன்னது என்று எங்கள் உறவினர் பலருக்கு இன்றுவரை தெரியாது. இந்த மூன்றாவது கேள்விதான் என்னை அதிகமாக உறுத்துகிறது.

ஆத்தூர்க்காரர்:

ஐயா, வணக்கம். சில ஆண்டுகளாக 200, 300 கிலோமீட்டர் பிரெவே பயணங்களில் (குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணங்கள்) கலந்துகொண்டு வருகிறேன் என்பதால் பயிற்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏற்காடு ஏறுவதால் காலும் மூச்சும் பலப்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இரண்டரை, மூன்று மணி நேர வேலை. நீங்கள் திட்டமிட்டிருப்பதோ ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் இருக்கையை விட்டு எழாமல் மிதித்து, இரவு தூங்கி எழுந்து, மறுநாளும் அதே இருக்கையில் உட்காரும் வேலை. ஏற்றத்தில் களைப்பது தொடை. நெடுந்தூரத்தில் முதலில் தொல்லை கொடுப்பவை இடுப்பு, கழுத்து, உள்ளங்கை, உட்காருமிடத்துத் தோல் ஆகியவை. ஏற்றத்தில் ஒருவர் தாமாகவே பலமுறை எழுந்து நின்று மிதிப்பார். சமவெளியில் அந்த மாற்றம் இல்லாததால் உடல் ஒரே நிலையில் இறுகிவிடுகிறது. ஆகவே உங்கள் மாதாந்தர ஏற்காட்டை விட்டுவிட வேண்டாம். ஆனால் அதுவே போதும் என்று நம்பியும் இருக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய செய்தி காற்று. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னை வரை இறக்கம்தானே என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். 340 கிலோமீட்டரில் பரவிக் கிடக்கும் அந்த 280 மீட்டர் காலுக்குத் தெரியவே தெரியாது. தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். நீங்கள் போகும் திசை உளுந்தூர்பேட்டை வரை கிழக்கு, அதற்குப் பின் வடகிழக்கு. அதாவது இரண்டு நாளும் எதிர்க்காற்று. கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில், காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கியிருக்கிறேன். வாழப்பாடியில் மணிக்கு 24 கிலோமீட்டரில் வந்த குழு தலைவாசலில் 18 ஆகத் தேய்ந்துவிடும். நீங்கள் இயற்பியல் ஆசிரியர், காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேகத்தைக் காக்கப் போராடாமல் கியரை இறக்கி, பெடல் சுற்றை நிமிடத்துக்கு எண்பதுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் ஓட்டப் பழகுங்கள். முன்னவரின் சக்கரத்துக்குப் பின்னால் நெருங்கி ஓட்டுபவருக்கு உழைப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் விலகிப் பின்னால் வர வேண்டும். இதை ஒன்பது பேரும் சேர்ந்து பலமுறை பழகாமல் நெடுஞ்சாலையில் முயல்வது ஆபத்து, ஏனெனில் முன்சக்கரம் பின்சக்கரத்தில் உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான்.

இப்போது அக்டோபர் தொடக்கம் என்பதால் உங்களுக்கு ஏறத்தாழ பதினெட்டு வாரங்கள் இருக்கின்றன. வார நாள்களில் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்; ஞாயிறு தோறும் ஒரு நீண்ட பயணம் போங்கள். முதல் ஞாயிறு 50 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கூட்டி, நான்காவது வாரம் மட்டும் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுத்தால், தை பிறப்பதற்குள் 120 கிலோமீட்டரை எட்டிவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் சில ஞாயிறுகள் போகும். போன தூரத்தை அடுத்த வாரம் சேர்த்து ஓட்டி ஈடுகட்ட முயல வேண்டாம், முழங்கால் வலி பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஜனவரியில் இரண்டு வார இறுதிகளிலாவது சனிக்கிழமை 110, ஞாயிற்றுக்கிழமை 90 என்று அடுத்தடுத்து ஓட்டியே ஆக வேண்டும். இரண்டாம் நாள் காலை இருக்கையில் உட்காரும்போது உடல் சொல்லும் செய்தி எதுவோ, அதைத்தான் விழுப்புரத்தில் கேட்கப் போகிறீர்கள். சேலத்திலிருந்து ஆத்தூர் வந்து திரும்பினால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. இதைவிடப் பொருத்தமான பயிற்சிப் பாதை உங்களுக்கு இல்லை. கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

நேரக் கணக்குக்கு ஓர் அளவுகோல்: பிரெவே முறையில் 200 கிலோமீட்டரை, நிற்கும் நேரம் உட்பட, பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். உங்களுடைய முதல் நாள் சுமார் 175 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்கினால் அவசரமின்றிப் போகலாம். உணவைப் பசி எடுத்தபின் தேடக் கூடாது. மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமும் ஒன்றிரண்டு கடலை மிட்டாயும், அரை லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும். வெயில் ஏறியபின் ஒவ்வோர் இரண்டாம் புட்டியிலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் இருக்கட்டும். உள்ளாடை இல்லாமல் நேரடியாக அணியும், உட்காருமிடத்தில் மெத்தை வைத்த பேடட் ஷார்ட்ஸ் இரண்டு வாங்குங்கள். இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம்.

பலர் எண்ணிப் பார்க்காத ஒன்றையும் சொல்கிறேன். சேலத்திலிருந்து விடியலில் கிளம்பினால் ஆறே முக்கால் முதல் எட்டு மணி வரை சூரியன் நேர் எதிரே நிற்கும். உங்கள் கண் கூசுவது சிறிய தொல்லை; பின்னால் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணும் கூசும் என்பதுதான் கவலைக்குரியது. பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள். பின்னால் ஒரு வேன் விளக்குப் போட்டுக்கொண்டு வரட்டும். சேலம் – உளுந்தூர்பேட்டைச் சாலையில், நான்கு வழியாக வந்த சாலை ஊர்ப் புறவழிகளில் இரு வழியாகக் குறுகிய இடங்களில் பல விபத்துகள் நடந்திருக்கின்றன. டிசம்பரில் ஒருமுறை காரில் போய், அந்த இடங்களின் இன்றைய நிலையைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஒண்டிக்கடை வாசி:

வணக்கம் ஐயா. நான் ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருப்பவள். என் கணவரும் நானும் வாரந்தோறும் சைக்கிள் ஓட்டுகிறோம். முன்னவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆயினும் மலையையும் நீண்ட பயிற்சிக்குப் பயன்படுத்த முடியும். அடிவாரத்திலிருந்து ஏரி வரை ஏறியதும் திரும்பிவிடாமல், மேலே தோட்டங்களுக்கு நடுவே சுற்றிவரும் 32 கிலோமீட்டர் வளையச் சாலையை ஒருமுறையோ இருமுறையோ சுற்றுங்கள். ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், லாரிகள் கிடையாது, வெயிலும் குறைவு. இருமுறை சுற்றி இறங்கினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடுவீர்கள்.

என் கவலை இறங்கும்போது. உங்கள் குழுவில் புதியவர்கள் இருந்தால், பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருபது வளைவும் இறங்குவார்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பயன்படுத்த வேண்டும். நடுவில் இரண்டு இடங்களில் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பேருந்து கொண்டை ஊசி வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். ஏறிவரும் வண்டிக்கே வழி என்பது மலைச்சாலை விதி. ஹாரன் கேட்டால் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகலில் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமற்போகும் நாள்கள் உண்டு. காலை பதினொரு மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. விடியலிலும் அந்தியிலும் காட்டெருமை சாலைக்கு வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. எனவே கனமழை எச்சரிக்கை வந்த வாரத்தில் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

குழுவாக வரும் நாளில் முன்கூட்டிச் சொன்னால், ஒன்பது பேருக்கும் எங்கள் வீட்டில் காலை உணவு கொடுப்பது எங்கள் மகிழ்ச்சி.

ஓய்வுபெற்ற வங்கியாளர்:

ஆசிரியருக்கு வணக்கம். நன்கொடையைப் பற்றிய உங்கள் இரண்டாம் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு குழந்தையின் புற்றுநோய் சிகிச்சைக்காக இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஒரு ரூபாயும் தவறவில்லை. ஆனால் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. மிஞ்சிய பணம் யாருக்கு என்று எவரும் முன்னதாக முடிவு செய்திருக்கவில்லை. குழந்தையின் வீட்டாருக்கே தர வேண்டும் என்று ஒரு சாரார், வேறொரு நோயாளிக்குத் தரலாம் என்று ஒரு சாரார், கொடுத்தவர்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு சாரார். அந்த மூன்று மாதச் சச்சரவில் பிரிந்த இரண்டு குடும்பங்கள் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேர்மை மட்டும் இருந்தால் போதாது, நேர்மையைப் பிறர் பார்க்கும்படியான ஏற்பாடும் வேண்டும் என்பதை அன்று கண்டேன்.

எனவே தனிப்பட்ட ஒருவரின் யுபிஐ எண் வேண்டவே வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது அவருடைய வருமானமாகவே கருதப்பட்டு வரிக்கு உட்படக்கூடும். நன்கொடைக்காக வாங்கினேன் என்று பின்னால் விளக்கிக்கொண்டிருக்க நேரும். கொடுத்தவருக்கு முறையான ரசீதும் கிடைக்காது. நேர்வழி இதுதான்: முதலில் மருத்துவமனைக்கு எழுதி, அவர்களுடைய பெயரைப் பயன்படுத்த எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். நன்கொடையாளர் ஒவ்வொருவரும் மருத்துவமனையின் கணக்குக்கே நேரடியாகச் செலுத்தட்டும். செலுத்தியபின் ரசீது எண்ணையும் தொகையையும் மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். உங்கள் கையில் பணமே வராது; உங்களிடம் இருப்பது ஒரு பட்டியல் மட்டும். அந்தப் பட்டியலைப் பயணம் முடிந்த பதினைந்து நாள்களுக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

80ஜி என்று வழங்கும் வருமானவரிக் கழிவைப் பற்றிக் கேட்பார்கள். பழைய வரிமுறையில் கணக்குத் தாக்கல் செய்பவருக்கே அது உண்டு. புதிய முறையைத் தேர்ந்தவருக்கு இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது. அரிசி, போர்வை போன்ற பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. நன்கொடையாளரின் பான் எண் மருத்துவமனையிடம் பதிவாக வேண்டும். இவற்றை மடலிலேயே நான்கு வரியில் எழுதிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. உங்கள் பழைய மாணவர்களில் அமெரிக்காவில் குடியுரிமை பெற்றவர்கள் இருந்தால், அவர்களுடைய பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனம் அதற்கென உள்ள கணக்கில் மட்டுமே பெறலாம். அங்கே வேலை செய்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் மருத்துவமனை அலுவலகத்திலேயே கேட்டுச் செய்யுங்கள்.

பயணச் செலவைத் தனிக் கணக்காக வையுங்கள். வேன் வாடகை, டீசல், விழுப்புரத்தில் தங்கும் அறை, டயர், ட்யூப் எதற்கும் நன்கொடையிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. ஓட்டுபவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள், அல்லது உள்ளூர் வணிகர்களிடம் பொருளாக வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980இல் 36 பேர் தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் என்னும் சைக்கிள் பயணம் இன்று டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்குப் பெரும் நிதி திரட்டித் தருகிறது. புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த ஓர் இளைஞர் தொடங்கியது அது. ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவமனைக்கே போகும்படி நிர்வாகச் செலவை அவர்கள் வேறு வழியில் சமாளிக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதே மக்கள் மீண்டும் கொடுப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

கேட்கும் முறையைப் பற்றி ஒரு யோசனை. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று கேளுங்கள். 340 ரூபாய் என்பது பட்டறைத் தொழிலாளியும் கொடுக்கக்கூடிய தொகை. வசதி உள்ளவர் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று 3,400 கொடுப்பார். பயணம் மழையால் நின்றாலும், நீங்கள் பாதி வழியில் ஏதேனும் காரணத்தால் நிறுத்த நேர்ந்தாலும், கொடுத்த தொகை மருத்துவமனைக்கே சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இன்னொன்று: கல்வராயன் மலை அம்மாவை நினைத்துத்தான் இதைத் தொடங்குகிறீர்கள் என்றால், நிதி வெளியூர் நோயாளிகளின் தங்கலுக்கும் உணவுக்கும் பயன்பட வேண்டும் என்பது உங்கள் விருப்பமாக இருக்கும். அப்படி ஒதுக்கித் தர அவர்களிடம் வழி உண்டா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். பணம் போனபின் கேட்பது முறையாகாது.

மேட்டூர் செவிலியர்:

தம்பி, வணக்கம். அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். உங்கள் மூன்றாம் கேள்விக்காகவே எழுதுகிறேன்.

அந்தக் கதை உங்களுடையது அல்ல, அம்மாவுடையது. ஆகவே அவர்களிடம் நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்து, "நல்ல காரியத்துக்குத்தானே" என்று தொடங்கினால் அவர்களால் மறுக்க முடியாது; அது கேட்டதாகாது. என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை எழுதிக் காட்டி, வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இரண்டு நாள் விட்டுப் பதில் கேளுங்கள். கருப்பைவாய் என்ற சொல்லை நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதே கூச்சமாக இருக்கிறது. நடத்தை சரியில்லாதவர்களுக்கு வரும் நோய் என்ற கொடுமையான பேச்சும் இருக்கிறது. பெரும்பாலான மனிதர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றி, பெரும்பாலும் தானாகவே போய்விடும் ஒரு வைரஸ், சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுவதால் வருவது இந்த நோய் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மா மறுத்தால், நோயின் பெயரைச் சொல்லாமல், அந்தப் பூட்டிய அறையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அந்தச் சகோதரியின் பெயரோ ஊரோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நோயாளியின் படத்தையும் போட வேண்டாம்.

அம்மா ஒப்புக்கொண்டால், அந்த மடல் பணத்தைவிடப் பெரிய வேலையைச் செய்யும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் அடையாறு மருத்துவமனைக்கு வித்திட்டது. 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குள் நேர்ந்த இழப்பை வெளியே சொல்ல ஒருவர் துணிந்ததால் வந்த பயன் அது.

மடலின் பின்பக்கத்தில் சில செய்திகளைச் சேர்க்கச் சொல்கிறேன். 30 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு வாய், மார்பகம், பெண்களுக்குக் கருப்பைவாய் ஆகிய மூன்றையும் பரிசோதிப்பது அரசின் திட்டத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கருப்பைவாயில் மாற்றம் தொடங்கிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் எளிய சிகிச்சையிலேயே சரிசெய்துவிடலாம். மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்டால், அது ஒரு சொட்டாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் சலுகை. உடன் செல்பவருக்கும் சலுகை உண்டு. இது தெரியாமல் பேருந்தில் நின்றுகொண்டு போன நோயாளிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஒன்பது பேருக்கும் ஒரு சொல்: நாற்பதைக் கடந்தவர்கள் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள். வலி வராமலிருக்க முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வியர்வையில் நீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்தானதே.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

பதிலளித்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உடனே எழுதாமல் பத்து நாள் கழித்து எழுதுவதற்குக் காரணம், செவிலியர் அம்மா சொன்னபடி என் தாயாரிடம் எழுதிக் காட்டிவிட்டுக் காத்திருந்ததுதான்.

முதல் நாள் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை; தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மாலை என்னை அழைத்து, "நீ எழுதினதில ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார். உதிரம் படத் தொடங்கிய பின் எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்ததை நான் எழுதவில்லை. உண்மையில் அது எனக்கே அன்றுதான் தெரியும். "என் பேரைப் போட வேண்டாம். சொந்தக்காரங்க கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும். ஆனா அந்த எட்டு மாசத்தை எழுது. அதைப் படிச்சு ஒருத்தி போய்க் காட்டினாப் போதும்," என்றார். மடலின் முதல் பத்தியில் இப்போது அந்த எட்டு மாதம்தான் இருக்கிறது.

மருத்துவமனைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். ஒப்புதல் வரும் வரை யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்ற யோசனையை என் தந்தை பட்டறையில் சொன்னபோது, அங்கேயே பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி மாணவர்கள் சிலர் உடன் வர விரும்பினார்கள். நெடுஞ்சாலையில் அவர்களை அழைத்துச் செல்வதில்லை, ஆத்தூர்ச் சாலையில் அயோத்தியாப்பட்டணம் வரை நடந்து வந்து வழியனுப்பட்டும் என்று சொல்லிவிட்டோம்.

சென்ற ஞாயிறு 55 கிலோமீட்டர் ஓட்டினோம். காலை எட்டு மணிக்கே இருவருக்கு உள்ளங்கை மரத்துவிட்டது. ஏற்காட்டை நம்பியிருந்த எனக்குக் கழுத்து வலி. எதிர்க்காற்றைப் பற்றிச் சொன்னது எவ்வளவு சரி என்பதை வாழப்பாடிக்கு முன்பே உணர்ந்தோம். ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது: இரண்டாம் நாள் செங்கல்பட்டுக்குப் பின் தாம்பரம் வழியாக நகருக்குள் நுழைவது பாதுகாப்பா?

ஆத்தூர்க்காரர்:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் ஐயா. உள்ளங்கை மரத்துப்போனால், இருக்கையின் முன்முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உடலின் பாரம் முழுவதும் கைக்குப் போயிருக்கும். இருக்கையை மட்டமாக்கி, கைப்பிடியைச் சற்று உயர்த்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றிப் பிடிக்கப் பழகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தாம்பரம் வழியைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு பிற்பகலில் ஜிஎஸ்டி சாலையில் ஊர் திரும்பும் வண்டிகள் நெருக்கியடிக்கும். களைத்துப்போன ஒன்பது பேரை அதில் வரிசையாக ஓட்டிச் செல்ல முடியாது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து அடையாறு சேருங்கள். இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் கூடும் என்பதால் விழுப்புரத்திலிருந்து விடியற்காலை நாலரை மணிக்கே, முன்விளக்கும் பின்விளக்கும் போட்டு, வேன் பின்தொடரக் கிளம்ப வேண்டும். அந்தச் சாலையிலும் ஞாயிறு கூட்டம் உண்டு. அதனால் மாமல்லபுரத்தை ஒரு மணிக்குள் கடந்துவிடப் பாருங்கள். தொலைவு கூடுவதால் நன்கொடை மடலில் 340 என்று அச்சிடுவதற்கு முன் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு நீங்கள் ஆத்தூர் வரை வருவதாக இருந்தால், காலை ஆறு மணிக்கு நான் வாழப்பாடியில் வந்து சேர்ந்துகொள்கிறேன். வரிசையில் ஓட்டுவதை அங்கிருந்து சேர்ந்தே பழகலாம். காற்றடிக்கும் பம்பும் இரண்டு கூடுதல் ட்யூபும் என்னிடம் இருக்கும்.